எண்பத்திரண்டு கிலோ

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. முப்பத்தெட்டு நாளும் அவர் எண்பத்திரண்டு கிலோ.

காலையில் பல் துலக்கியதும் வெறும் வயிற்றோடு வந்து எடை மெஷின்மேல் ஏறி நிற்பார். அவள் குனிந்து எண்ணைப் படிப்பாள். அவர் குனிந்து பார்ப்பதே இல்லை. "நிக்கிறது என் வேலை, படிக்கிறது உன் வேலை" என்பார். ஒரு நாள் இருநூறு கிராம் கூடியிருக்கும், ஒரு நாள் முந்நூறு கிராம் குறைந்திருக்கும். மற்றபடி எண்பத்திரண்டு.

"பாத்தியா, ஏறவே இல்ல" என்று சொல்லிக்கொண்டே இறங்குவார்.

"இறங்கவும் இல்லையே" என்பாள் அவள்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் சொன்னது அவளுக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. தினமும் எடை பார்க்க வேண்டும். ரெண்டு மூணு நாளில் ரெண்டு கிலோ ஏறினால் அன்றைக்கே கிளம்பி வந்துவிட வேண்டும். "இந்தத் தடவை எப்படியோ தப்பிச்சுட்டீங்க. இதயம் பாதி பலத்துலதான் ஓடுது. இன்னொரு தடவை இவ்வளவு லேட்டா வந்தா என்னால எதுவும் சொல்ல முடியாது." அந்தப் பேச்சிலிருந்து அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தது 'ஏறக் கூடாது' என்பதை மட்டும்தான். உடம்பு குண்டு, அதுதான் இதயத்துக்குச் சுமை என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவளும் அதைத்தான் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று மாலையே அவருடைய தட்டில் பாதியைக் குறைத்தாள். இரண்டு பேர் சாப்பாட்டை ஒருவராகச் சாப்பிடுகிறவர் முகம் சுளிக்காமல் சாப்பிட்டு எழுந்தார். முதல் பத்து நாள் சமையலறைப் பக்கம் வந்து வெறுமனே நின்றுவிட்டுப் போனார். பிறகு அதுவும் இல்லை. தட்டை வாசலுக்கு எடுத்துப் போய், காலியாகத் திருப்பிக் கொண்டுவருவார்.

கணக்கு எளிமையானது. உள்ளே போவது பாதி. அப்படியானால் உடம்பு இளைக்க வேண்டும், எண் இறங்க வேண்டும். இறங்கவில்லை. மீதிப் பாதி வேறு எங்கிருந்தோ வருகிறது.

அவள் வேலை பார்ப்பது பழைய காகிதக் கிடங்கில். செய்தித்தாள், அட்டைப் பெட்டி, பள்ளிக்கூடப் புத்தகம் என்று கட்டுக் கட்டாக வந்து இறங்கும். எடைமேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். கொண்டுவருகிறவர்களுக்கு அவள் 'எடைக்கார அக்கா'. எடை கூட்டுவதற்கு மனிதர்கள் செய்யும் வேலைகளை அவள் அளவுக்குப் பார்த்தவர்கள் குறைவு. கல் வைப்பார்கள், மணல் தூவுவார்கள். பெரும்பாலும் தண்ணீர். வெளித்தாள் நாலைந்து காய்ந்திருக்கும், உள்ளே நனைத்திருப்பார்கள். எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கட்டின் நடுவில் கையை நுழைத்து விரலால் அழுத்த வேண்டும். காய்ந்த தாள் அழுத்தினால் மறுபடி எழும்பும். நனைந்தது அமுங்கின இடத்திலேயே கிடக்கும். கட்டைக் கீழே இறக்கச் சொல்லிவிட்டு, "உள்ள இருக்கிற தண்ணிய நீங்களே குடிச்சுட்டுக் கொண்டு வாங்க" என்பாள். அந்தத் தெருவில் அது ஒரு நகைச்சுவை.

கண்ணும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் நடுவில் யாரோ விளையாடுகிறார் என்பது இருபது வருடப் பழக்கம். அந்தப் பழக்கத்தோடுதான் ஒரு செவ்வாய்க்கிழமை, துவைக்கப் போடுவதற்கு முன் அவருடைய சட்டைப் பையில் கை விட்டாள். பிஸ்கட் உறை ஒன்று இருந்தது. சாக்லேட் கிரீம் வைத்த பிஸ்கட்.

"இது என்னங்க?"

அவர் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான். நாக்கைக் கட்டுப்படுத்த முடியல."

"நான் இங்க ஒவ்வொரு கரண்டியா அளந்து போடுறேன், நீங்க வேலைக்குப் போன எடத்துல ஒக்காந்து பிஸ்கட் திங்கிறீங்க. எனக்கென்ன, நானா மருந்து மாத்திரை விழுங்கிக்கிட்டு மூணு தலகாணி வச்சுப் படுக்கிறேன்?"

"இனிமே இல்ல. சத்தியமா."

திட்டித் தீர்த்தாள். அவர் முகத்தில் ஏதோ ஒரு நிம்மதி தெரிந்தமாதிரி இருந்தது. அடுத்த வாரம் சிப்ஸ் உறை. அதற்கும் உடனே மன்னிப்புக் கேட்டார். அதுதான் அவளை உறுத்தியது. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அரை மணி நேரம் வாதாடாமல் அவர் எதற்கும் மன்னிப்புக் கேட்டதில்லை.

இரண்டாவது உறையை அவள் குப்பையில் போடவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தாள். ஒரு பக்கம் வெயிலில் வெளுத்திருந்தது. மடிப்புக்குள் மண். உள்ளே ஒரு துணுக்கோ எண்ணெய்ப் பிசுக்கோ இல்லை. சட்டைப் பையின் மூலையிலும் இல்லை. காகிதம் எத்தனை நாள் தெருவில் கிடந்தது என்று சொல்வது அவளுக்குப் பெரிய விஷயம் இல்லை. இது யாரோ எப்போதோ தின்றுவிட்டுப் போட்டது.

அடுத்தவர் தின்ற உறையை ஒரு மனிதர் எதற்காகப் பையில் வைத்துக்கொண்டு வரவேண்டும்? துணி காயப்போடும்போது யோசித்தாள், இரவு பாத்திரம் கழுவும்போதும் யோசித்தாள். ஒரே ஒரு விடைதான் வந்தது. சின்னத் திருட்டை ஒப்புக்கொண்டால் பெரிய திருட்டை யாரும் தேட மாட்டார்கள். பிஸ்கட்டைக் காட்டி எங்கேயோ விருந்தை மறைக்கிறார். தினமும் மாலை நடக்கப் போகிறேன் என்று கிளம்பி ஒரு மணி நேரம் கழித்து வருகிறார். இரண்டு தெரு தள்ளி அவருடைய அக்கா வீடு.

மறுநாள் வேலை முடிந்ததும் நேராக அங்கே போனாள். அவருடைய அக்கா தபால் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்து பேசிப் பேசி, வீட்டிலும் எதிரில் இருப்பவர் வரிசையில் நிற்பதுபோலத்தான் பேசுவார்.

"அண்ணி, உங்க தம்பிக்குச் சாயங்காலம் என்ன குடுக்குறீங்க?"

"வா, நானே உன்னைத் தேடி வரணும்னு இருந்தேன். என் தம்பிக்கு நீ என்ன குடுக்குறே, அதை மொதல்ல சொல்லு."

"ஒடம்புக்கு என்ன வேணுமோ அதை."

"பட்டினியா? எங்கப்பா அவனை மூட்டைன்னுதான் கூப்பிடுவாரு. எப்படி இருந்தவன்! இப்ப மூஞ்சியைப் பாத்தியா? கன்னம் ரெண்டும் கிண்ணம் மாதிரி குழிஞ்சு கெடக்கு. நீதான் பக்கத்துலயே இருக்கியே, உனக்குத் தெரியலையா?"

"எடை கொறையவே இல்ல அண்ணி. அதே எண்பத்திரண்டு. நான் அரை வயித்துக்குத்தான் போடுறேன். மீதி அரை வயிறு எங்கேருந்து ரொம்புது?"

"என் வீட்லேருந்துங்கிறே."

"நான் சொல்லல. மெஷின் சொல்லுது."

"அந்த மெஷினைக் கொண்டு போய்க் குப்பையில போடு. அங்கதானே வேலை பாக்குறே."

அண்ணிக்கே சொன்ன பிறகு சுருக்கென்றிருக்க வேண்டும், குரலைத் தாழ்த்திக்கொண்டார். வாசலுக்குப் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார். "வந்து இதுல ஒக்காருவான். வேற எங்கயும் நடக்கப் போறதில்ல. இங்க வர்றதுக்குள்ளயே யாரோ தொரத்திக்கிட்டு வந்த மாதிரி மூச்சு வாங்குது. பால் குடுத்தா வேணாங்கிறான். பழம் வெட்டி வச்சேன், அது கறுத்துப்போச்சு. 'வயிறு கும்முனு இருக்குக்கா, வீட்ல நல்லா சாப்பிட்டேன்'னு சொல்வான். நீ ஏதோ ஆணை போட்டிருக்கே, அதுக்குப் பயந்துதான் தொடமாட்டேங்கிறான்னு நான் உன்னைத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

அவள் நம்பவில்லை. கிளம்பும்போது தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குள் போய்க் கழுவப்போட்ட பாத்திரங்களைப் பார்த்தாள். ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

அந்த வாரக் கடைசியில் கிடங்குக்கு ஒரு பெண் வந்தாள். சின்ன வண்டியில் விளையாட்டுப் பத்திரிகைகள், பத்துப் பன்னிரண்டு கட்டு. முகத்தை எங்கேயோ பார்த்த நினைவு. வார்டில் அவருக்குப் பக்கத்துப் படுக்கையில் இருந்த பந்தாட்டப் பயிற்சியாளரின் மனைவி. அந்தப் பயிற்சியாளர் நெட்டையாக, ஒரு பிடி கொழுப்பு இல்லாமல் இருப்பார். "என்னை மாதிரி ஆளு பக்கத்துல ஒங்களைப் போட்டிருக்காங்களே, அப்படி என்ன தப்பு பண்ணினீங்க?" என்று இவர் கேட்பார். அவர் சிரித்துச் சிரித்து இருமுவார். யார் முதலில் வீட்டுக்குப் போவார் என்று வார்டில் யாரைக் கேட்டாலும் பயிற்சியாளரைத்தான் காட்டுவார்கள். போனதும் அவர்தான் முதலில்.

"சார் எப்படி இருக்காரு?" என்று கேட்ட பிறகுதான் கட்டுகளைப் பார்த்தாள்.

"போயிட்டாரு. ரெண்டு வாரமாச்சு."

அந்தப் பெண் எடைமேடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னும் இளைச்சாரு. பாக்குறவங்க எல்லாம் இதயத்துக்கு நல்லதுன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். பேன்ட்டை ரெண்டு தடவை இடுப்புல பிடிச்சுத் தச்சுக் குடுத்தேன், சந்தோஷமா. டாக்டர்தான் கடைசியில சொன்னாரு, இந்த வியாதியில தானா இளைச்சா அது நல்லதுக்கு இல்லம்மா, சதை கரையுதுன்னா உள்ள வேற ஏதோ நடக்குதுன்னு. கொஞ்சம் பூசினாப்ல இருக்கறவங்க கூடத் தாக்குப்பிடிச்சுடுறாங்களாம்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்க வீட்டுக்காரர் அப்படியேதானே இருக்காரு?"

"அதே எண்பத்திரண்டு."

"அப்பாடா" என்றாள் அந்தப் பெண். மனதிலிருந்துதான் சொன்னாள்.

கட்டுகளை மேடையில் ஏற்றினார்கள். பழக்க தோஷத்தில் அவளுடைய கை முதல் கட்டின் நடுவுக்குள் போய்விட்டது. அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே தாள்கள் காய்ந்து, விறைப்பாக இருந்தன. அவள் கையை வெளியே எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அன்று முழுக்க அந்த 'அப்பாடா' அவளோடு இருந்தது. அது அவளுக்கு உரியதுதானா என்று தெரியவில்லை. நனைந்திருக்குமோ என்று எந்தக் கட்டையும் சந்தேகப்படுகிறவள் இந்த எண்ணை மட்டும் ஏன் கை வைத்துப் பார்க்காமல் விட்டாள்?

மறுநாள் காலை அவர் ஏறி நின்றபோது அவள் எண்ணைப் படித்துவிட்டுச் சொல்லாமல் நிமிர்ந்தாள். அவரைப் பார்த்தாள். சட்டையின் தோள் தையல் தோளில் இல்லை, கைப்பக்கம் இறங்கியிருந்தது. கழுத்துப்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் போகும். நெற்றிப்பொட்டு உள்வாங்கி, காது பெரிதாகத் தெரிந்தது. ஆனால் பேன்ட்டின் கொக்கியைப் போடாமல் பெல்ட்டால் மறைத்திருந்தார், வயிறு இடம் கொடுக்கவில்லை. மேலே ஒருவர், கீழே வேறொருவர். இரண்டு பேரையும் கூட்டினால் எண்பத்திரண்டு.

"என்ன, நம்பர் வரலையா?"

"வந்துடுச்சு. அதேதான்."

வீட்டுக்குள்ளும் அவர் சாக்ஸ் போட்டிருப்பதை அன்றுதான் கவனித்தாள். கேட்டதற்கு, தரை குளிர்கிறது என்றார்.

மதியம் கிடங்கில் தலைவலி என்று சொல்லிவிட்டு அவர் வேலை பார்க்கும் கடைக்குப் போனாள். அது செருப்பு, ஷூ விற்கிற கடை. முப்பது வருடமாக அவர் அங்கே வாடிக்கையாளர்களின் காலடியில் உட்கார்ந்து ஷூ மாட்டிவிடுகிறார். உள்ளே வருகிறவரின் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்து நம்பர் சொல்வார். கடைக்குப் பின்பக்கம் பிய்ந்த செருப்புகளைத் தைப்பதற்கு ஒரு மேசை உண்டு. தையல்காரர் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பச்சை மூடி போட்ட டப்பா. அவள் காலையில் அளந்து கட்டிக் கொடுத்தது.

"அண்ணி!" தையல்காரர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு எழுந்தார். "அண்ணன்தான் தினமும் குடுத்துடுவாரு. வெளிய சாப்பிட்டுட்டேன், வீணாக்கினா வீட்ல திட்டுவாங்கன்னு... உப்பு மட்டும் கொஞ்சம் கூடப் போடலாம், தப்பா நெனச்சுக்காதீங்க."

"வெளியன்னா எங்க சாப்பிடுறாரு?"

தையல்காரர் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் மாறியது. "அவரு கடையை விட்டு வெளிய எங்கயும் போறதே இல்லியே அண்ணி."

சரக்கு அறையில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் அவர் முக்காலியில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்திருந்தார். கண் மூடியிருந்தது. காலில் புது ஷூ, கறுப்பு, நாடா அவிழ்த்துவிட்டிருந்தது. திறந்த பெட்டி பக்கத்திலேயே கிடந்தது. ஒன்பதாம் நம்பர். அவருடைய கால் எட்டு. ஆள் குண்டானாலும் கால் குண்டாகாது என்று வாடிக்கையாளர்களிடம் அவர் சொல்வதை அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள்.

அவர் கண் திறப்பதற்குள் அவள் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். கனமாக இருந்தது. சாக்ஸைக் கீழே இறக்கினாள். விளிம்பு இருந்த இடத்தில் சுற்றிலும் கயிறு கட்டினதுபோலத் தடம். தோல் பளபளவென்றிருந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி, மனதுக்குள் பத்து எண்ணி, விரலை எடுத்தாள்.

குழி அப்படியே இருந்தது.

அவர் அவளைப் பார்த்தார். அவள் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எழும்பவில்லை. இவ்வளவு தண்ணீர் உள்ளே ஏறியிருக்கிறது, எண் ஏறவில்லை. அப்படியென்றால் அதே அளவுக்கு அவருடைய உடம்பிலிருந்து ஏதோ இறங்கியிருக்கிறது. முப்பத்தெட்டு நாள் குனிந்து குனிந்து படித்தவள், ஒரு நாளாவது நிமிர்ந்து அவருடைய தோளைப் பார்த்திருந்தால் போதும்.

"எத்தனை நாளா ஒன்பது?"

"பத்துப் பதினஞ்சு நாளா. சாயங்காலம் மட்டும்தான் வீங்குது."

"இப்ப சாயங்காலமா?"

அவர் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"அந்தப் பிஸ்கட் காகிதமெல்லாம் எங்க பொறுக்கினீங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே இருமல். "பஸ் ஸ்டாப்புல. உன்கிட்ட மாட்டிக்குவேன்னு தெரியும். இவ்வளவு நாள் தாங்கினதே பெருசு."

"எதுக்கு?"

"கடையில வச்சு வேணாம்" என்றார். "ஆட்கள் வருவாங்க." முன்பக்கம் ஒருவரும் இல்லை. தையல்காரர் மட்டும் மூடிய டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அவர்தான் ஓடிப்போய் ஆட்டோ கூட்டிவந்தார்.

மருத்துவமனையில் அதே நர்ஸ். வந்ததும் எடைதான். அவர் ஏறி நின்றார். இங்கே படிப்பது அவள் வேலை இல்லை, ஆனாலும் எட்டிப் பார்த்தாள்.

"எண்பத்திரண்டு" என்றாள் நர்ஸ். "போகும்போதும் இதேதான் இருந்தீங்க. பரவால்லையே."

"சிஸ்டர், காலைப் பாருங்க."

நர்ஸ் குனிந்து பார்த்தாள். அழுத்தினாள். பிறகு அவருடைய கை மேல்பகுதியைப் பிடித்துப் பார்த்தாள், சதை இல்லாமல் தோல் தொளதொளத்தது. பரவால்லை என்ற முகம் போய்விட்டது. திரை போட்ட கட்டிலுக்குக் கூட்டிப்போய்ச் சாய்வாக உட்காரவைத்து, டாக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பினாள். ஷூவைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"டாக்டர் வர்றதுக்குள்ள ரெண்டு கேள்வி. படுத்தா மூச்சு முட்டுதா?"

"கொஞ்சம்."

"சாப்பாடு எப்படிப் போகுது?"

இருபத்தாறு வருடமாக இந்த மாதிரிக் கேள்விகளுக்கு அவருக்குப் பதிலாக அவள்தான் பதில் சொல்வாள். பல் வலியானாலும், சட்டை அளவானாலும். வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டாள். நான்தான் பாதியாகக் குறைத்தேன் சிஸ்டர் என்பது தொண்டை வரை வந்து நின்றது. அதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். இப்போது அவர் சொல்ல வேண்டும். இதிலும் பொய் சொன்னால் அந்தப் பொய்யை வைத்துத்தான் மருந்து எழுதுவார்கள்.

"இவளைக் கேளுங்க" என்றார் அவர். "இவ கணக்குப்படி நான் ஊரையே தின்னுக்கிட்டு இருக்கேன்."

நர்ஸ் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். சத்தம் தேயும் வரை அவர் தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாருக்கோ அளவெடுக்கிறமாதிரி. பிறகு நர்ஸைப் பார்க்காமல், அவளைப் பார்த்துச் சொன்னார்.

"பசிக்கவே இல்ல. மூணு வாரமா ரெண்டு வாய்க்கு மேல உள்ள எறங்கல. திருடித் திங்கிறேன்னு நீ சந்தேகப்பட்டே. நீ பயப்படுறதுக்குப் பதிலா சந்தேகப்பட்டுக்கிட்டே இருக்கட்டும்னுதான் சொல்லல."